அடுப்பெரியாத வீடும் ‘சுன்னத் டயட்’ வியாபாரமும்



அண்மைக் காலமாக நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு புதுவகை விளம்பரம் உலவுகிறது. மேலே பச்சை எழுத்தில் ‘சுன்னத்தான உடல் இளைப்பு உணவு’ என்னும் தலைப்பு. அதன் கீழே பேரீச்சம்பழம், வெள்ளரி, தேன், கருஞ்சீரகம், தல்பீனா மாவு ஆகியவற்றின் படங்கள். அடியில், பரளச்சிப் பக்கம் காட்டுவேலைக்குப் போகும் ஒரு தாயின் ஒருநாள் கூலியை விழுங்கிவிடும் விலை. சமைக்க நேரமில்லாதவர், சமைக்கத் தெரியாதவர், உடல் இளைக்க விரும்புபவர் ஆகிய முத்தரப்பாரையும் அது ஒரே வலையில் பிடிக்கிறது. மார்க்கம் பேசும் வியாபாரம் என்பதால் கேள்வி கேட்கவும் தயங்குகிறோம். மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடத்துகிறவர்கள் என்ற வகையில் இதில் வாய்மூடி இருப்பது நமக்குத் தகாது.

முதலில் அந்த வெள்ளரியையும் பேரீச்சையையும் எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் கனிந்த பேரீச்சையை வெள்ளரியுடன் சேர்த்து உண்டதை அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதில் ஐயமில்லை. ஆனால் அதே உணவைப் பற்றி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இன்னொரு செய்தி இருப்பதை இந்த வியாபாரிகள் பார்த்திருக்கிறார்களா? ஆயிஷா (ரலி) அவர்களைக் கணவர் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அவர்களுடைய உடல் சற்றுச் சதைபிடிக்க வேண்டும் என்று தாயார் பல வழிகளிலும் முயன்றார்கள்; எதுவும் பலிக்கவில்லை; கடைசியில் வெள்ளரியுடன் பேரீச்சையைத் தின்ற பிறகுதான் உடம்பு அழகாகப் பூரித்தது என்பதே அதன் சாரம். உடல் பெருக்க உதவியதாக அறிவிக்கப்படும் உணவை உடல் இளைக்க விற்கிறார்கள்! இதைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா?

தல்பீனாவின் கதையும் இதுதான். வாற்கோதுமை மாவைப் பாலிலோ நீரிலோ காய்ச்சிய கஞ்சி அது. நோயாளியின் உள்ளத்துக்கு இதம் தரும், துயரத்தைச் சற்றுக் குறைக்கும் என்ற கருத்தில்தான் நபிமொழி இருக்கிறது. இழவு வீட்டில் சோர்ந்து கிடந்தோருக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள். ‘பத்து நாளில் ஐந்து கிலோ’ என்று எங்கும் இல்லை. நபியின் பெயரால் அவர்கள் சொல்லாததைச் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை மதரஸாவில் முதலாண்டு படிக்கும் பிள்ளையும் அறியும். பாக்கெட்டின் மேல் ஒட்டுகிற காகிதம் என்பதற்காக அந்தச் சட்டம் தளர்ந்துவிடாது. போகட்டும், அந்த மாவுப் பொட்டலத்தின் பின்புறத்தையாவது திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் எத்தனை கலோரி, எவ்வளவு சர்க்கரை என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த அட்டவணையே இல்லாத பொட்டலத்தை வாங்கவே வேண்டாம். இருந்து, சர்க்கரை இரட்டை இலக்கத்தில் நின்றால் அது இனிப்புப் பண்டம். அதைக் கஞ்சி என்று அழைப்பது வெறும் மரியாதைக்காக.

இனி விஷயத்துக்கு வருவோம். சமைக்காதவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள் என்பது உண்மை. அதைப் பழித்துப் பயனில்லை. பரளச்சியைச் சுற்றிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய், ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஊரில் அத்தாவும் அம்மாவும் தனித்திருக்கிறார்கள். அம்மா மவுத்தானபின் அத்தா மட்டும் தனித்திருக்கும் வீடுகளும் உண்டு. அறுபது வருடம் அடுப்பங்கரைக்குள் கால் வைக்காத மனிதர் அவர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் அருப்புக்கோட்டையில் தெருவுக்குத் தெரு உள்ளன. இவர்களிடம் போய், ‘அக்காலப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள்’ என்று பேசுவோருக்கு நாம் ஒன்று சொல்வோம்: அடுப்பு எரியாதது இஸ்லாமிய வீட்டுக்கு இழுக்கு அன்று. இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்த்துவிடுவோம், நபியின் வீடுகளில் அடுப்பு மூட்டப்பட்டிருக்காது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி மகன் உர்வாவிடம் கூறினார்கள். பின் எதைக் கொண்டு உயிர் வாழ்ந்தீர்கள் என்று அவர் கேட்டபோது, பேரீச்சையும் தண்ணீரும், அண்டையில் இருந்த அன்சாரிகள் அனுப்பிய பாலும் என்றார்கள்.

அந்த வீட்டில் அடுப்பு எரியாதபோது உணவு குறைந்தது. நம் வீட்டில் அடுப்பு எரியாதபோது உணவு இரட்டிப்பாகிறது. கேடு இங்கேதான்.

சமைக்காத இரவென்றால் நம் பக்கத்து மக்களுக்கு ஒரே பொருள்தான்: புரோட்டா. விருதுநகர் எண்ணெய் புரோட்டா ஊர்ப்பெருமை. அதைக் கல்லில் வாட்டுவதோடு விடாமல் எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரித்தெடுப்பார்கள். அதன் ருசியை நாம் மறுக்கவில்லை. மறுத்தால் யாரும் நம்பவும் மாட்டார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்றரை. சாதாரணப் புரோட்டா ஒன்றே அளவையும் எண்ணெயையும் பொறுத்து 250 முதல் 350 வரை போகும். மூன்று புரோட்டாவும், தேங்காயும் எண்ணெயும் மிதக்கும் சால்னாவும் சேர்ந்தால் 1,000-ஐத் தொட்டுவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660. ஆக ஓர் இரவுப் பொட்டலத்திலேயே ஆணுக்குப் பாதி நாள் தீர்ந்தது; பெண்ணுக்குப் பாதிக்கும் மேல். அதன்பின் இஷா தொழுதுவிட்டுப் படுக்கைதான்.

மைதாவைப் பற்றியும் ஒரு சொல். நபி (ஸல்) அவர்கள் சலித்து வெளுத்த மாவைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், வாற்கோதுமையைத் திரித்து உமியை வாயால் ஊதிவிட்டுத்தான் பிசைந்தார்கள் என்றும் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. சுன்னத் உணவு வேண்டும் என்போர் முதலில் இந்த ஹதீஸை விளம்பரம் செய்யட்டுமே. செய்யமாட்டார்கள். தவிடு நீக்காத மாவில் லாபம் குறைவு.

இதைக் கேட்டதும் நம் படித்த பிள்ளைகள் நேராக ஓட்ஸ் டப்பாவுக்குப் போவார்கள். ஓட்ஸ் கெட்டதென்று நாம் சொல்லவில்லை. வாங்க முடிந்தவர் வாங்கட்டும். அதை ‘குறைந்த கலோரி’ என்று நம்புவதைத்தான் மறுக்கிறோம். உலர்ந்த ஓட்ஸ் 100 கிராமில் ஏறத்தாழ 380 கலோரி. உலர்ந்த கம்பு 100 கிராமில் ஏறத்தாழ 350. அரிசியும் அதே அளவுதான். தானியம் எதுவானாலும் காய்ந்த நிலையில் ஏறத்தாழ ஒன்றே. கலோரி குறைவது தானியத்தின் பெயராலன்று. அதில் சேரும் நீராலும், நாம் எடுக்கும் அளவாலும், நார்ச்சத்தினால் வயிறு சீக்கிரம் ‘போதும்’ என்று சொல்வதாலும்தான். 50 கிராம் கம்பு மாவில் ஒரு பெரிய செம்பு கூழ் கிடைக்கும். கலோரி 175 அளவே. அதே 50 கிராம் மாவைப் பிசைந்து எண்ணெயில் பொரித்து ‘சிறுதானிய முறுக்கு’ என்று விற்றால் கணக்கு தலைகீழ். ஐ.நா. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கடைகளில் புறப்பட்ட கேழ்வரகு பிஸ்கட்டுகள் பலவற்றில் முதலில் நிற்பது மைதா, அடுத்தது சர்க்கரை, பின் பாமாயில். கேழ்வரகு வரிசையின் கடைசியில் ஒதுங்கி நிற்கும். பொருட்பட்டியலை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பதால் இதை எவரும் கடையில் நின்றபடியே கண்டுகொள்ளலாம்.

நம் மண்ணைப் பற்றி நமக்கே மதிப்பில்லாமல் போனதுதான் வியப்பு. வானம் பார்த்த பூமி என்று வெளியூரார் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பூமிதான் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பாசிப்பயறும் விளைந்த பூமி. மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்கென்றே வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. மதீனாவின் ஏழைத் தானியம் வாற்கோதுமை. அதை நபி (ஸல்) அவர்கள் உண்டார்கள். பரளச்சியின் ஏழைத் தானியம் கம்பு. உள்ளூரில் மலிவாகக் கிடைப்பதை உமி ஊதி உண்டதுதான் முன்மாதிரி என்றால், அதற்கு நெருக்கமானது கூழ்ச்செம்பா, கடல்கடந்து வந்த தல்பீனா டப்பாவா? வாசகர்களே சொல்லட்டும்.

‘சரி, கூழ் காய்ச்சுவதும் சமையல்தானே, எங்களுக்கு அதற்கும் நேரமில்லை’ என்பார்கள். கம்பு மாவை முதல்நாள் இரவு நீரில் கரைத்து வைத்துவிட்டால் காலையில் கொதிநீரில் ஊற்றிக் கிளறிக் காய்ச்சக் கால்மணி நேரம்கூட ஆகாது. கெட்டியாகக் கிளறி ஆறவைத்து உருண்டையாக்கி நீருக்குள் போட்டுவிட்டால் மறுநாளும் அடுப்பு வேண்டாம். மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். குடும்பத்துக்கு வெளியே அறையில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு அதுவும் இயலாதென்றால், தண்ணீர் சுடவைக்கும் மின் கெட்டில் ஒன்று போதும். இரண்டு முட்டையை அதில் அவிக்கலாம். ஒன்றுக்கு 75 கலோரி அளவு. 50 கிராம் பாசிப்பயற்றை இரவு ஊறவைத்து மறுநாள் சிறு குக்கரில் மூன்று விசில் விட்டால் 170 கலோரியில் 12 கிராம் புரதம். புரதப் பவுடர் விற்போர் ஒரு கரண்டிக்கு இருமடங்குப் புரதத்தைச் சொல்லிப் பத்து மடங்கு காசு கேட்பார்கள். 2024-ல் வெளிவந்த நாட்டின் உணவு வழிகாட்டியே அந்தப் பவுடர்களைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. வெள்ளரி, தக்காளி, கொய்யா இவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. தயிரை நீர்விட்டுக் கடைந்த மோர் ஒரு தம்ளரில் 40 கலோரியைத் தாண்டாது. அதன் இடத்தில் குடிக்கும் ரோஸ் சர்பத்தில் சர்க்கரை மட்டுமே அதைப்போல் மும்மடங்கு இருக்கும். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்ற குறைக்கும் பதில் உண்டு: வீட்டில் காடியைத் தவிர வேறெதுவும் இல்லை என்றபோது, அதுவே நல்ல தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் மனம் நிறைந்து உண்டதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே தேவை. நிலக்கடலை நம் காட்டுப் பொருள்தான். என்றாலும் 100 கிராமில் 550-க்கு மேல் கலோரி. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைக் காலி செய்கிறவர் புரோட்டாவைக் குறைத்துப் பயனில்லை. ஒரு கைப்பிடி போதும். பேரீச்சையும் அப்படித்தான்: சிறிய பழம் ஒன்று 20 முதல் 25 கலோரி, பெரிய மெஜ்தூல் என்றால் 65. மூன்று பழத்தில் நோன்பு திறப்பது வேறு, பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவது வேறு.

கடையில்தான் சாப்பிட்டாக வேண்டும் என்பவருக்கும் வழி மூடவில்லை. மூன்று இட்லியும் சாம்பாரும் 250 கலோரிக்குள் அடங்கும். பிரியாணிப் பொட்டலம் வாங்கினால் இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவரின் உணவு இருவருக்குப் போதும் என்பது நாம் அன்றாடம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஹதீஸ்தான். பாடத்தில் மட்டும் அது இருக்கிறது; பொட்டலத்தைப் பிரிக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. கடைத் தேநீரையும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டிச் சர்க்கரையும் பாலும் சேர்ந்து 80, 90 கலோரி. நாளைக்கு நான்கு குடிப்பவர் ஓர் இரவுணவையே குடித்துவிடுகிறார்.

‘கலோரி எண்ணுவதெல்லாம் மேற்கத்தியர் மோகம், அல்லாஹ் தந்ததை மனம்போல் உண்ணக்கூடாதா’ என்று ஒரு சாரார் கேட்பார்கள். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்தில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் இருக்கிறது. அதன் முற்பாதியை மட்டும் விருந்தில் ஓதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். முதுகு நிமிர்ந்து நிற்கச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும், மிஞ்சினால் வயிற்றில் மூன்றிலொன்று உணவுக்கு, ஒன்று நீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்று மிக்தாம் (ரலி) வழியாகத் திர்மிதீயில் வருவது எந்த மேற்கத்தியர் எழுதியது? இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் வயிற்றின் இச்சையை முறிப்பதற்கென்றே ஒரு பாகம் ஒதுக்கினார்கள். 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. வயது வந்தோரில் 11.4 விழுக்காடு. ஜும்ஆவில் நாற்காலி வரிசை ஆண்டுக்காண்டு நீளுவதைப் பார்ப்போருக்கு இந்த எண் வெறும் எண்ணாகத் தோன்றாது.

சமைக்கத் தெரியாது என்பதைப் பெருமையாகச் சொல்லும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். மனைவி ஊருக்குப் போன பத்து நாளும் புரோட்டாக் கடையில் கணக்கு வைப்பவர், முட்டை அவிப்பதை ஆண்மைக்குக் குறைவென்று எண்ணுவது எந்த ஹதீஸிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. பெண்பிள்ளைக்குப் பத்து வயதிலேயே கற்றுத்தரும் கஞ்சியை ஆண்பிள்ளைக்கும் கற்றுத்தாருங்கள். சென்னைக்கோ சவூதிக்கோ அனுப்பும்போது பெட்டியில் ஊறுகாய் வைப்பதைவிட அது அதிகம் உதவும்.

பள்ளிவாசல் இமாமுக்கும் உஸ்தாதுக்கும் வீட்டுக்கொரு நாளாகச் சாப்பாடு அனுப்பும் ஊர்கள் இன்னும் உண்டு. அன்பு மிகுந்த வழக்கம். அல்லாஹ் அந்த வீடுகளில் பரக்கத் செய்வானாக. ஆனால் ஒவ்வொரு வீட்டாருக்கும் அது மாதத்தில் ஒருநாள், உண்பவருக்கோ அன்றாடம். தங்கள் வீட்டு முறை வரும் நாளில் நெய்ச்சோறும் கறி ஆணமும்தான் அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் எண்ணினால், முப்பது நாளும் அவருக்கு வலீமா. வீட்டில் அன்றைக்கு என்ன ஆக்கினீர்களோ, கீரையோ ரசமோ, அதையே அனுப்புங்கள். அவர் முகம் கோணமாட்டார். பெரும்பாலும் அதற்காகத்தான் காத்திருப்பார்.

கடைசியாக, நம் கைக்குள்ளேயே இருப்பதைப் பேசுவோம். சமைக்காதவர்களுக்கான எளிய, அளவான உணவைத் தமிழ் முஸ்லிம்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பெயர் நோன்புக் கஞ்சி. ஒரே சட்டி, அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி. செல்வரும் ஏழையும் ஒரே சட்டியிலிருந்து வாங்கிப்போவார்கள். அதற்கென அரசே ரமளானில் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. 2025-ல் அது 7,000 டன்னுக்கும் மேல். கஞ்சியின் பக்கத்திலேயே சமோசாவையும் வடையையும் அடுக்கி அதன் பயனைக் கெடுத்துக்கொள்வது தனிக் கதை. ஷவ்வால் பிறை கண்டதும் அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். பதினொரு மாதம் அது பள்ளிவாசலின் பின்கட்டில் சும்மா கிடக்கிறது. அதே பதினொரு மாதமும் தனியாக இருக்கும் அத்தாமார் பன்னையும் தேநீரையும் இரவுணவாக்கிக்கொண்டு படுக்கிறார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இதுதான்: வாரத்தில் ஒருநாள் அந்தச் சட்டியை நிமிர்த்துங்கள். வியாழக்கிழமை பொருத்தமாக இருக்கும். சுன்னத்தான நோன்பு வைப்போருக்கு மஃரிபில் அது கைகொடுக்கும். அரசு அரிசி ரமளானுக்கு மட்டுமே உரியது. எனவே குதிரைவாலியை ஊரிலேயே வாங்குவோம். ஐம்பது பேருக்கு 2 கிலோ குதிரைவாலி, 1 கிலோ பாசிப்பருப்பு, கால் கிலோ எண்ணெய், வெங்காயம், பூண்டு, வெந்தயம், கிடைக்கிற கீரை. தேங்காய்ப்பால் வேண்டாம். ஆளுக்கு 250 கலோரி அளவில் வயிறு நிறையும். கையில் காசு மிஞ்சினால் ஆளுக்கொரு முட்டை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்போர் நோன்பு வைப்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்; நோன்பில்லாமல் வந்தாலும் கஞ்சி உண்டு. வாங்கிப்போக முடியாத முதியவர் வீடுகளுக்கு மதரஸாப் பிள்ளைகள் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதற்கு நாங்கள் பொறுப்பு. செலவுக் கணக்கைத் துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில், இன்ஷா அல்லாஹ், மேசைமேல் வைப்போம்.